செயின் பெட்டி எடுக்கப் போனவன்

பூச்சி, இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆறடி வளர்ந்த பிறகும் பூச்சி என்று கூப்பிடாதே என்று என்னோடு எத்தனை சண்டை போட்டிருப்பாய். குறைமாதத்தில் பிறந்து, முறத்தில் போட்டால் பாதி முறத்துக்குக்கூட ஆகாமல் கிடந்தவனை நான் வேறு எப்படிக் கூப்பிட? நாளைக்கு நீ போய் ஒரு வருஷம். ஊரில் ஊர்வலம் எடுக்கிறார்கள். டிராக்டர் பெட்டியில் உன் படத்தை வைத்து, பக்கத்தில் உன் சைக்கிளை நிறுத்தி, இரண்டுக்கும் மாலை போட்டுக் கள்ளக்குறிச்சி வரைக்கும் கொண்டு போவார்களாம். சைக்கிளைக் கொடு பெரிம்மா, கொடு பெரிம்மா என்று உன் கூட்டாளி செல்வராசு பத்து நாளாக வாசலைத் தேய்க்கிறான். கொடுக்க மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை உங்கள் போராட்டத்துக்கு வரவில்லை, மலைக்குச் செயின் பெட்டி எடுக்கப் போனவன் மேல் நீங்கள் மரத்தைச் சாய்த்துவிட்டீர்கள் என்று ஒரு வருஷமாக எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முந்தாநாள் அந்தப் பேச்சு என் வாயிலேயே செத்துப்போனது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், சிரிக்காதே.

அந்தச் சைக்கிள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. கல்வராயன் மலையில் யாரோ ஒரு காட்டு ஆபீசர் வெள்ளைக்காரன் காலத்தில் விட்டுப்போனது, அங்கே உனக்குப் பழக்கமான ஆண்டி என்பவன் வீட்டு ஆட்டுக்கொட்டாயில் கிடந்தது என்று ஒரு துருப்பிடித்த எலும்புக்கூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாய். டயர் கிடையாது, சீட்டில் எலி குட்டி போட்டிருந்தது. உன் அப்பா கரும்பு வண்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "இத்த ஓட்டப் போறியா, இல்ல பொதைக்கப் போறியா?" என்றார். நீ கோபப்படவில்லை. இப்படி ஒரு வண்டி இந்தத் தாலுகாவிலேயே கிடையாது, பிரேக்குக்கு ஒயர் இல்லை, பிடியிலிருந்து சக்கரம் வரைக்கும் கம்பியாலேயே போகிறது பார், சீமையில் செய்தது என்று அவருக்குத் தொட்டுத் தொட்டுக் காட்டினாய். அவர் மாட்டுக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் என் வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. கைப்பிடியின் துருவை எடுக்க என் புளி. தோல் சீட்டை இளக்க என் விளக்கெண்ணெய். சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவ என் சொம்பு. அந்தச் சொம்பில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு உன் அப்பா துப்பிய துப்பு உனக்கு நினைவிருக்கும். "யம்மா, புளி இந்த வருசம் போனா அடுத்த வருசம் காய்க்கும். இந்த ஹேண்டில்பாரு காய்க்குமா?" என்று கேட்டாய். புளி இல்லாமலே நாலு நாள் குழம்பு வைத்தேன். அதையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுத் தொலைத்தாய்.

சைக்கிள் ஒரு வழியாக முழுசாக எழுந்து நின்றது. கறுப்புப் பெயிண்ட், அதன்மேல் நூல் போல மஞ்சள் கோடு. அழகாகத்தான் இருந்தது, இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை. கடலைக் களத்தில் என்னை ஏற்றி ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாயே, அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. புடவையை வாரிச் சொருகிக்கொண்டு, நடுக்கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறியதைப் பார்த்துப் பக்கத்துக் களத்துப் பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டார்கள். "வுடாதடா! வுட்டுடாதடா!" என்று நான் கத்தக் கத்த, "புடிச்சிக்கினுதான்மா இருக்கறன், நீ மிதி" என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். சத்தம் தூரத்தில் கேட்கிறதே என்று திரும்பினால் நீ களத்து மூலையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாய். அடுத்த நொடி நான் கடலைத் தோல் குவியலில் கிடந்தேன். முடியெல்லாம் தோல். உன்னை விரட்டி விரட்டி அடித்தேன். நீ என்னிடம் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று முந்தாநாள் வரைக்கும் நம்பியிருந்தேன்.

சைக்கிளுக்கு ஒன்றே ஒன்று குறை என்று புலம்பிக்கொண்டே இருந்தாய். செயின் முழுவதையும் மூடுகிற தகரப் பெட்டி அதில் இல்லை. அந்தப் பெட்டிக்குள் எண்ணெய் ஊற்றிவிட்டால் மழையானாலும் புழுதியானாலும் செயின் கெடாதாம். அது எங்கே இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். மலையில் ஆண்டி அதைத் தன் வீட்டுக்கு மேல்பக்கத்துச் சரிவில் ஊற்று வாயில் குழாய் மாதிரிச் சொருகியிருந்தான். தண்ணீர் அதில் இறங்கித்தான் அவர்கள் குடத்தில் விழும். அதே நீளத்துக்குத் தகடு வளைத்துக் கொண்டுவந்து கொடு, பெட்டியை எடுத்துக்கொள் என்று அவன் சொல்லியிருந்தான். சரியான தகடு கிடைக்க வேண்டும், வளைக்க ஆள் வேண்டும் என்று மாதக்கணக்காக அதே பேச்சு. சோறு போடும்போதும் தகடு, கை கழுவும்போதும் தகடு. எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்த நாட்களில்தான் நம் ஆட்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று ஊரூராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நீ வாத்தியார் வேலைக்குப் படிக்க மனுப் போட்டு, இரண்டாவது தடவையும் பெயர் வராமல் திரும்பி வந்தாய். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாய். நான் அப்போது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டுக்காரி நிற்கிறாள் என்றும் பார்க்காமல், "மார்க்கு கம்மியா வாங்கிட்டு கூட்டம் போட்டா சீட்டு குடுத்துடுவானா? போயி அப்பாகூட வண்டி கட்டு" என்றேன். நீ எழுந்து உட்கார்ந்து, "நான் வாங்கின மார்க்கு எம்மாம்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. எண்ணைச் சொன்னாலும் அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று எனக்கு விளங்காது. விளங்காது என்பதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு உன்னை மட்டம் தட்டினேன். நான் செய்த தப்புகளில் இது பெரியது. எழுதிவிட்டேன், போதுமா?

அதற்கு அடுத்த தப்பு அதைவிடப் பெரியது. மறியல் வரப்போகிறது, ரோட்டில் மரம் வெட்டிப் போடப்போகிறார்கள், போலீஸ் வரும் என்று பேச்சு அடிபட்டது. உன்னை அடுப்படியில் பிடித்து நிறுத்தி, உன் கையை இழுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். "கூட்டம், கொடி, மறியல் எதுக்கும் போவ மாட்டன்னு சொல்லு" என்றேன். நீ விளையாட்டாக்கப் பார்த்தாய். "இந்தத் தலையில பேன்தான் ஜாஸ்தி கீது, அதும் மேலயா சத்தியம் பண்றது?" என்றாய். நான் கையை விடவில்லை. உன் சிரிப்பு நின்றுபோன பிறகும் விடவில்லை. கடைசியில், "போவல. போதுமா? கைய வுடு" என்றாய். எனக்கு நிம்மதியாகிவிட்டது. உனக்கு என்ன ஆயிற்று என்று நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறியல் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் நீ சைக்கிளை எடுத்தாய். எங்கேடா என்றேன். "மலைக்குப் போயி செயின் பெட்டிய எடுத்துக்கினு வந்துடறன்" என்றாய். பஸ் இல்லை, லாரி இல்லை, கச்சிராயபாளையம் ரோடு முழுக்க மரமாகக் கிடக்கிறது, எப்படிப் போவாய் என்று கேட்டேன். சைக்கிளைத் தோளில் போட்டுத் தாண்டிப் போவேன், மலையிலிருந்தே தோளில் கொண்டுவந்தவன் தானே என்றாய். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பஸ்ஸும் காரும் நின்ற அந்த வாரத்தில் ஊரில் அசைந்ததெல்லாம் சைக்கிள் மட்டும்தான். பிள்ளைத்தாய்ச்சியைக்கூடக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ கிளம்பியபோது உன் கையில் தகடு இருக்கவில்லை, பூச்சி. மாற்றுத் தகடு இல்லாமல் ஆண்டி பெட்டியைத் தர மாட்டான் என்று ஆயிரம் தடவை கேட்டவள் நான். என் கண்ணில் அது பட்டிருக்க வேண்டாமா? பொய் சொல்வதற்கு உனக்கும் தெரியவில்லை, கண்டுபிடிப்பதற்கு எனக்கும் தெரியவில்லை. நல்ல ஜோடி.

மத்தியானத்துக்குள் வந்து சொன்னார்கள். ரோட்டோரத்துப் புளியமரத்தைப் பாதி அறுத்துவிட்டுக் கயிறு கட்டி இழுத்தார்களாம். அந்தப் பக்கம் சாய வேண்டியது இந்தப் பக்கம் சாய்ந்ததாம். நீ கயிறு பிடித்திருந்தாய் என்று செல்வராசு அழுதுகொண்டே சொன்னான். நான் அவன் சட்டையைப் பிடித்து, பொய் சொல்லாதே என்று உலுக்கினேன். உன்னைக் கொண்டுவந்த பிறகு சைக்கிளையும் கொண்டுவந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்தார்கள், தள்ளிக்கொண்டு வரவில்லை. ஏனென்றால் அது பூட்டியிருந்தது. சாவி உன் பாக்கெட்டில் இருந்தது. சைக்கிளில் ஒரு கீறல் கிடையாது. மரம் விழுந்த இடத்திலிருந்து தள்ளி, நிழலில், ஸ்டாண்டு போட்டு, பூட்டி நிறுத்தியிருந்ததாம். தாண்டிப் போகிறவன் எதற்காகப் பூட்டுகிறான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. வழிவிடக் காத்திருந்திருப்பான், கூட்டத்தில் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து பூட்டியிருப்பான் என்று நானே ஒரு பதில் செய்து வைத்துக்கொண்டேன். அந்தப் பதிலை வைத்துத்தான் ஒரு வருஷம் ஓட்டினேன்.

ஓட்டினேன் என்றால் எப்படி? ஊரே உன்னைத் தியாகி என்றது. சுவரில் எழுதினார்கள். உன் அப்பாவுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு இறக்க வரிசையில் நிற்கும்போது, "இவரு பையன்தான்" என்று சொல்லி யாராவது டீ வாங்கித் தந்தால் வந்து என்னிடம் சொல்வார். எனக்கு எரியும். "எம் மவன் போராட்டத்துக்கே போவல. செயின் பெட்டி எடுக்கப் போனான். அத்த சொல்லு அவங்ககிட்ட" என்பேன். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். ஒரு வருஷத்தில் நாங்கள் பேசிய பேச்சு இவ்வளவுதான். நான் வாரத்துக்கு ஒரு நாள் சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்தேன். சீட்டுக்கு எண்ணெய் போட்டேன், சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆடுகிறதா என்று கம்பி கம்பியாகப் பார்த்தேன், நீ பார்ப்பாயே அதைப்போல. யாராவது பார்க்கிற நேரத்தில்தான் துடைத்தேன், உண்மையைச் சொல்வதென்றால். இது சைக்கிள்காரன் வீடு, கொடிக்காரன் வீடு இல்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று.

முந்தாநாள் ஆண்டி வந்தான். சாமை மூட்டையைச் சந்தையில் போட்டுவிட்டு, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறான். நான் அவனை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாசலில் சைக்கிள் நிற்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "யம்மா, எங்க அந்த நெட்டப் புள்ள? வண்டிக்குப் பொட்டி மாட்டிக்கினு வந்து காட்டறன்னு சொல்லிட்டுப் போனான், ஒரு வருசமா ஆளக் காணோம்" என்றான். பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது, அதை எடுக்க வரும்போதுதானே என்று நான் ஆரம்பித்தேன். அவன் குறுக்கே, "எங்கிட்ட ஏதும்மா? தகடு குடுத்துட்டு எடுத்துக்கினு பூட்டானே. ரோட்ட மறிச்சாங்களே, அதுக்கு முந்தின வாரமே வந்தான். அவன் குடுத்த தகட்டுலதான் தண்ணி வந்துக்கினு கீது" என்றான். பிறகு சைக்கிளைக் குனிந்து பார்த்து, "இன்னா, இன்னும் மாட்டவே இல்ல?" என்று கேட்டான். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவன் அப்படியே தரையில் குந்திவிட்டான். "மரத்துல ஒரு புள்ள மாட்டிக்கிச்சுன்னு மலையில பேசிக்கினாங்க. அது இந்தப் புள்ளயா?" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். அவனை நான் தேற்ற வேண்டியதாயிற்று, பார்.

அவன் போனதும் மாட்டுக்கொட்டாய்ப் பரணில் ஏறினேன். உன் இரும்புச் சாமான்களை ஒரு வருஷமாக யாரும் தொடவில்லை. சாக்குக்கு அடியில், நான் தேடித் தேடிக் காணாமல் போன என் பழைய புடவையில் சுற்றி, அந்தப் பெட்டி இருந்தது. துரு எடுத்து, கறுப்பு அடித்து, மஞ்சள் கோடுகூடப் போட்டாயிற்று. மாட்டுவதுதான் பாக்கி. அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். உன்னை அந்த இடத்திலேயே இழுத்து வைத்து அறைய வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்ட பெட்டியை எடுக்கப் போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய். நான் ஊரெல்லாம் உனக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் தலைமேல் கை வைத்துப் பண்ணின சத்தியம் பொய்த்தால் என் தலைதானே போக வேண்டும்? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், நீ எதற்காகச் செத்தாய்? யாரிடம் போய் இந்த நியாயத்தைக் கேட்பது?

கோபம் இறங்கின பிறகு உன் அப்பாவைக் கூப்பிட்டேன். பெட்டியைக் காட்டினேன். ஆண்டி சொன்னதையும் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதற்கும் ஒரு சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. மஞ்சள் கோட்டின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு இருந்தார். "மாட்டிடலாமா?" என்று கேட்டார். நேற்று முழுக்க இரண்டு பேரும் அந்த வேலையைத்தான் செய்தோம். பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், மிதிக்கட்டைத் தண்டை எடுக்க வேண்டும். தண்டை இறுக்கிப் பிடித்திருக்கிற ஆணியை அவர் சுத்தியலால் அடிக்கப் போனார். "இரும்பால அடிச்சா மரை போயிடும், மரக்கட்டய வச்சித் தட்டு" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "ஒன்றரை வருசம் என் அடுப்பாண்டதான இத்தெல்லாம் பண்ணான்" என்றேன். தலைகீழாக ஒரு தரம் மாட்டினோம். செயின் உரசியது. கழற்றி மறுபடியும் மாட்டினோம். சாயங்காலம் கை முழுக்கக் கறுப்போடு உட்கார்ந்து ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தோம். சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, பூச்சி. நீ சொன்னது சரிதான். அப்படி ஒரு சைக்கிள் இந்தப் பக்கத்தில் கிடையாது.

இன்றைக்குக் காலையில் செல்வராசு வந்தான். "பெரிம்மா, இன்னா முடிவு?" என்று படியில் காலை வைக்காமலே கேட்டான். இதற்குமுன் நான் துடைப்பத்தை எடுத்திருக்கிறேன், அந்தப் பயம். உள்ளே வரச் சொன்னேன். நீ கயிறு பிடித்தாயா என்று ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் கேட்டேன். பிடித்தாய் என்றான். யாராவது கூப்பிட்டீர்களா என்றேன். "இல்ல பெரிம்மா. தூரத்துல ரொம்ப நேரம் சைக்கிள் மேல சாஞ்சி பாத்துக்கினே நின்னான். அப்புறம் பூட்டிட்டு அவனே வந்தான்" என்றான். அவன் பொய் சொல்கிற பையன் இல்லை என்று எனக்கு எப்போதுமே தெரியும். நான் அவனிடம் சொன்னேன்: சைக்கிள் டிராக்டரில் ஏறாது, அது சுமக்க வந்தது, சுமக்கப்படாது. ஊர்வலத்துக்குக் கடைசியில் நானும் இவரும் தள்ளிக்கொண்டு வருவோம். என் பிள்ளை வரவில்லை என்று இனிமேல் நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். நீங்களும் மைக்கில் அவன் கடைசியாக இதைச் சொன்னான், அதைச் சொன்னான் என்று கட்டி விடக்கூடாது. அவன் என்ன நினைத்துக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடித்தான் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. செல்வராசு தலையை ஆட்டினான். மைக்குக்காரர்கள் கேட்பார்களா என்பது வேறு விஷயம். அவர்கள் ஜீப்பில் வருகிறவர்கள். மரம் சாய்கிற இடத்தில் அவர்களில் ஒருவரும் நிற்கவில்லை என்கிற எரிச்சல் எனக்குச் சாகும்வரை போகாது.

வளர்ந்த பிள்ளைக்கு அம்மா கடிதம் எழுதினால் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். உனக்கு இனி என்ன புத்தி? எனக்குத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொள்கிறவள், அதோடு அவன் வாயையும் அடைத்துவிடுகிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. போகிறேன் என்று என்னிடம் சொல்ல உனக்கு ஒரு வழியை விட்டிருக்க வேண்டும். அதை நான் விடவில்லை. விட்டிருந்தால் மட்டும் உன்னைப் போகவிட்டிருப்பேனா என்றால், விட்டிருக்க மாட்டேன், வாசலில் குறுக்கே படுத்திருப்பேன். ஆனால் சண்டை போட்டிருப்போம். நீ கத்தியிருப்பாய், நான் கத்தியிருப்பேன், பொழுது ஏறியிருக்கும், அந்த மரம் நீ இல்லாமல் விழுந்திருக்கும்.

இன்னொன்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையில் நீ சைக்கிளை வாசல் தாண்டித் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தாய். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாய். கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியைத் திருப்பித் தந்தாய். அதற்குப் பிறகும் நின்றாய். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. "இன்னாடா நின்னுக்கினு கீற, வெயில் ஏறுது பாரு, போ" என்றேன். "ஒன்னும் இல்லம்மா" என்று போய்விட்டாய். வீட்டில் வயிறு நிறையக் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினவன்டா நீ. தண்ணீர் குடிக்கத்தான் திரும்பி வந்தாயா, பூச்சி?